கேபினுக்குள் ஒரு சினிமா கொட்டகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கிருந்து கிளம்பும் கப்பலில் நாலு நாள் போய்வர எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறான். என் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஒரு பழைய படம் ஓடினால்தான் தூக்கம் வரும். பென்டிரைவில் படம் ஏற்றிக்கொண்டு போனால் கேபின் டிவியில் போட முடியுமா?
- கும்பகோணம் வாசகி

பதில்: பென்டிரைவை எடுத்துப் போங்கள் அம்மா, இடத்தை அடைக்கப் போவதில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கேபினில் இருப்பது லாட்ஜ் டிவி மாதிரி பூட்டி வைத்த டிவி. பின்னால் யுஎஸ்பி, எச்டிஎம்ஐ துளைகள் எல்லாம் இருக்கும், ஆனால் டிவியைப் பென்டிரைவுக்கு மாற்றுகிற 'இன்புட்' பொத்தானே ரிமோட்டில் இருக்காது, இருந்தாலும் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. சில கப்பல்களில் டிவியைச் சுவரோடு ஒட்ட மாட்டியிருப்பார்கள், பின்பக்கம் விரல்கூட நுழையாது. இன்னொரு கப்பலில் செருகியதும் படம் ஓட ஆரம்பித்துவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு கப்பல்களிலேயே இரண்டு விதம் என்பதால் ஏறிப் பார்த்தால்தான் தெரியும். ரிமோட் கைவிட்டால் டிவியின் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள், அங்கே ஒரு பொத்தான் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு மேல் ஒயரைப் பிடுங்குகிற வேலை வேண்டாம்.

டிவியில் தானாக வருவது பெரும்பாலும் ஆங்கிலப் படங்கள், செய்தி, கப்பல் எங்கே போகிறது என்று காட்டும் வரைபடம், முன்பக்கக் கேமராவில் தெரியும் கடல். அந்தக் கேமரா சேனலை லேசாக நினைக்காதீர்கள், சத்தமில்லாமல் ஓடவிட்டுப் படுத்தால் உங்கள் வீட்டுக்காரர் படமே கேட்காமல் தூங்கினாலும் தூங்கிவிடுவார். சில கம்பெனிகள் படத்துக்குத் தனியாகக் காசு வாங்குகின்றன, அது கேபின் கணக்கில் ஏறிவிடும், அதனால் ஓகே அழுத்துவதற்கு முன் திரையில் இருப்பதைப் படியுங்கள். டிஸ்னி கப்பல்களில் அவர்களுடைய படங்கள் கேபினிலேயே இலவசம்.

உங்களுக்கு நான் சொல்வது, மகனிடம் ஒரு டேப்லெட் கேட்டு வாங்கி அதில் படங்களை ஏற்றிக்கொள்ளுங்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, மேலே தாள் ஒட்டியதுபோல் இருந்தாலும் காந்தம் நன்றாகப் பிடிக்கும். இரண்டு காந்தக் கொக்கியும் ஒரு துணிப்பையும் இருந்தால் கால்மாட்டுச் சுவரிலேயே திரை தயார். ஹெட்போன் மறக்க வேண்டாம், பக்கத்துக் கேபின்காரர் இருமுவதே கேட்கும்.

கேள்வி: கப்பலில் இப்போது ஸ்டார்லிங்க் என்கிற செயற்கைக்கோள் இன்டர்நெட் வந்துவிட்டதாமே, வைஃபை வாங்கினால் நேராகவே ஓடிடியில் பார்க்கலாம், எதற்கு டவுன்லோடு என்கிறான் நண்பன். சரியா?
- சென்னை வாசகர்

பதில்: பாதி சரி. முன்பு கப்பல் இன்டர்நெட் என்றால் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்ப வேண்டும், ஒரு போட்டோ திறப்பதற்குள் காபி ஆறிவிடும். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி 2022-இல் தன் கப்பல்களுக்கெல்லாம் இதைப் போடப்போவதாக அறிவித்தது, மற்ற பெரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. படம் ஓடுகிற வேகம் வந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை.

காசுதான் விஷயம். பல கம்பெனிகளில் இரண்டு மூன்று விதமான பேக் உண்டு, மலிவான பேக்கில் வாட்ஸ்அப் போகும், படம் ஓடாது. படம் ஓடும் பேக்குக்கு நாள் கணக்கில் விலை, அதுவும் ஒரு கருவிக்கு இவ்வளவு என்று. மனைவி ரீல்ஸ் பார்க்க வேண்டுமென்றால் நீங்கள் லாகவுட் செய்ய வேண்டும், குடும்பத்தில் புதிதாக ஒரு சண்டைக்கு இடம். எப்படியும் வாங்குவது என்றால் ஏறுவதற்கு முன் ஆன்லைனில் வாங்குங்கள், கப்பலுக்குள் விலை கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். இன்னொன்று, நீங்கள் எந்த நாட்டில் இருப்பதாக ஓடிடி நினைக்கிறதோ அந்த நாட்டுப் பட்டியல்தான் வரும். சென்னையில் பாதி பார்த்துவிட்டு வந்த தமிழ்ப் படம் மலாக்கா நீரிணையில் காணாமல் போகலாம்.

டிவியில் செருகி ஓடிடி பார்க்கும் ஃபயர் ஸ்டிக்கைக் கொண்டுபோகிறேன் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: டிவியில் அதைச் செருக முடிந்தால்கூட அதுவும் கணக்கில் ஒரு கருவிதான். போனிலிருந்து டிவிக்கு அனுப்புவதும் பெரும்பாலும் நடக்காது, கப்பல் வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி பிரித்து வைத்திருப்பார்கள். போனிலிருந்து எச்டிஎம்ஐ ஒயர் போடலாம், ஆனால் எல்லா போனும் டைப்-சி என்கிற சார்ஜ் துளை வழியாகப் படம் அனுப்பாது, விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் நிறைய அனுப்புவதில்லை. ஐபோன் 15-லிருந்து டைப்-சி வழியாகவே போகும்.

ஆக டவுன்லோடுதான். அதிலும் நான் பட்டது ஒன்று இருக்கிறது. போன வருடம் ஒரு பயணத்துக்கு ஏழு படம் ஏற்றிக்கொண்டு கம்பீரமாகக் கிளம்பினேன். இரண்டாவது நாள் ராத்திரி திறந்தால் நாலு படத்தில் காலாவதி, புதுப்பிக்க இன்டர்நெட் இணைக்கவும் என்கிறது. நடுக்கடலில்! விஷயம் இதுதான்: டவுன்லோடு செய்த படத்துக்கு ஆயுள் உண்டு, ப்ளே பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் பல படங்களுக்கு 48 மணி நேரம்தான். 'ஓடுதா பார்ப்போம்' என்று நான் வீட்டிலேயே நாலையும் தொட்டுப் பார்த்திருந்தேன். அதனால் ஏறுவதற்கு முந்தின நாள் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுங்கள், போனை ஃபிளைட் மோடில் போட்டு ஏதாவது ஒரு படத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள், மற்றவற்றில் கை வைக்காதீர்கள். லேப்டாப்பில் நெட்ஃபிளிக்ஸ் இறக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் விண்டோஸ் ஆப்பில் அந்த வசதியை 2024-இலேயே எடுத்துவிட்டார்கள், போன் அல்லது டேப்லெட்தான் கதி.

ஃபிளைட் மோடு என்றதும் ஞாபகம் வருகிறது. கரையை விட்டதும் போன் தானாகக் கப்பலின் செல்போன் சிக்னலைப் பிடிக்கும், அது சாதாரண ரோமிங் பேக்கில் அடங்காது, பில் வந்தால் டிக்கெட் விலையே மறந்துபோகும். கப்பல் நகர்ந்த நிமிடமே ஃபிளைட் மோடு, அப்புறம் வைஃபை மட்டும் ஆன்.

கேள்வி: இவ்வளவு காசு கொட்டிக் கடலுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு படம் பார்ப்பவனை என்னவென்று சொல்வது?
- தூத்துக்குடி வாசகர்

பதில்: கடல் பக்கத்துக்காரர், உங்களுக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் பகல் முழுக்க வெயிலில் சுற்றி, மூன்று வேளையும் பஃபேயில் கட்டிவிட்டு, பத்து மணிக்குக் குழந்தை தூங்கியதும் அதை விட்டு எங்கே போவது? விளக்கை அணைத்துவிட்டுப் படம்தான். ஜன்னல் இல்லாத உள்கேபினில் அந்த இருட்டு எந்தத் தியேட்டரிலும் கிடைக்காது.

அறைக்குள் அடைபடப் பிடிக்காதவர்களுக்கு நீச்சல்குளத்து ஓரமே இருக்கிறது. பிரின்சஸ் கம்பெனி 2004-இல் கரீபியன் பிரின்சஸ் கப்பலின் மேல்தளத்தில் சுமார் 300 சதுர அடித் திரை வைத்தது, இப்போது நிறைய கப்பல்களில் ராத்திரி திறந்தவெளிப் படம் உண்டு. நம்ம ஊர்த் திருவிழாவில் திரை கட்டிப் போடுவார்களே, அதேதான், மணலுக்குப் பதில் சாய்வு நாற்காலி.

உங்கள் கட்சிக்கு ஒரு கூடுதல் செய்தி: ராயல் கரீபியன் 2014-இல் ஜன்னலில்லாத கேபின்களுக்குள் 80 அங்குலத் திரை வைத்து, வெளியே இருக்கும் கடலை நேரலையாகவே காட்ட ஆரம்பித்தது. கடலைப் பார்க்கவும் திரை! ஆனால் ஒன்று, கப்பல் ஆடித் தலைசுற்றும்போது எந்தத் திரையும் ஆகாது, இன்னும் மோசமாக்கும். அப்போது மட்டும் நீங்கள் சொன்னபடி டெக்குக்குப் போய்த் தொடுவானத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

கேள்வி: கேபினில் பிளக் கம்மியாமே, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப்போகலாமா?
- ஈரோடு வாசகி

பதில்: வேண்டாம். கப்பல் வயரிங் வீட்டு வயரிங் மாதிரி இல்லை, பல கப்பல்களில் இரண்டு ஒயரிலுமே மின்னழுத்தம் இருக்கும். மின்சாரம் திடீரென எகிறினால் தடுக்க வீட்டுக்குச் செய்த சர்ஜ் புரொடெக்டர் பாக்ஸ் அங்கே சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-லேயே எச்சரித்தது. யுஎஸ்பி துளை மட்டும் உள்ள சார்ஜரைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள், நாலு துளை இருப்பது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நம்ம ஊர் உருண்டை இரட்டைப் பின் அங்குள்ள ஐரோப்பிய சாக்கெட்டில் சேர்ந்துவிடும், மூன்று பின் சேராது. மீறி பாக்ஸை எடுத்துப் போனால் ஸ்கேனிங்கிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள், கடைசி நாள் காலை வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளலாம். அந்த வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், அதுவும் தடைதான்.