பனியைத் தாண்டலாம், ஹெலிகாப்டரைத் தாண்டாதீர்கள்

வணக்கமுங்க அண்ணா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். ஷிப்மென்ட் போன பிறகு கிடைக்கிற ராத்திரிகளில் பழைய வீடியோ கேம்களையே திரும்பத் திரும்ப விளையாடுகிறேன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஓரிடம் வரும்போது மனசு சலித்துவிடுகிறது. வைஸ் சிட்டி கேமில் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டிக் கட்டடத்துக்குள் குண்டு வைக்கும் மிஷனை நான் தொடுவதே இல்லை. யாரோ அதை முடித்துச் சேமித்து வைத்த சேவ் ஃபைலை இறக்கிப் போட்டுக்கொள்வேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் ஆரம்பத்துப் பனிமலையை மட்டும், கதையாச்சே என்று ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக ஓட்டுகிறேன். இப்படித் தாண்டிப் போவது கேமுக்குச் செய்யும் துரோகமுங்களா? அலுக்கவே அலுக்காத கேம் ஏதாவது இருக்கிறதா? இந்தக் காலத்துப் பையன்களுக்குப் பொறுமை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரிதானா?

பி., பெருந்துறை

அன்புள்ள தம்பி,

பொறுமை பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். ஷிப்மென்ட் தேதிக்கு ஓடுகிற ஆளுக்குப் பொறுமை இல்லை என்று சொல்பவர்களிடம் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை. அலுக்காத கேம் பட்டியலும் என்னிடம் கிடையாது.

துரோகமா என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்ச நாளாக எனக்குள்ளும் இதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. தாண்ட வேண்டியதைச் சுமக்கிறீர்கள், விளையாட வேண்டியதைத் தாண்டுகிறீர்கள். கஷ்டத்தையும் அலுப்பையும் ஒரே மூட்டையில் கட்டிவைத்துவிட்டு, எனக்குச் சலிக்கிறது என்றால் எப்படி?

அந்த ஹெலிகாப்டரையே எடுத்துக்கொள்வோம். வைஸ் சிட்டி 2002-இல் வந்தது. தாராபுரத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் நாங்கள் அதை விளையாடினோம். கட்டி முடிக்காத கட்டடம், நாலு மாடி, நாலு குண்டு. ஒரு நேரத்தில் ஒரு குண்டைத்தான் தூக்க முடியும். இடது கை மேலே எழுப்ப வேண்டும், வலது கை கீபோர்டின் வலது ஓரத்து எண் கட்டைகளில் முன்னும் பின்னும் சாய்க்க வேண்டும். கொஞ்சம் அதிகமாக அமுக்கினால் சுவரில் போய் முட்டும். படிக்கட்டுப் பக்கம் திரும்புவதற்குள் காவலாள் சுட்டுவிடுவான். எங்களில் ஒருத்தனாலும் முடியவில்லை. அப்புறம் ஒரு பையன் கண்டுபிடித்தான்: முதல் குண்டைத் தூக்கும்வரை கெடு நேரக் கடிகாரம் ஓடாது! அதற்குள் வெறும் ஹெலிகாப்டரோடு உள்ளே போய், அதன் றெக்கையாலேயே ஆட்களை அடித்து மாடி மாடியாகக் காலி பண்ணிவிடலாம். அன்றைக்குச் சென்டர் முழுக்க அவன் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றது. இப்போது அந்த இடம் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. கை தானாகப் போகிறது. இதைத்தான் நீங்கள் வேறொருவன் ஃபைலைப் போட்டுத் தொலைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பனிமலை அப்படி இல்லை. முதல் தடவை அது அருமையான இடம்தான். கதையில் வரும் கொள்ளைக் கும்பலின் பசியும் பயமும் குளிரோடு சேர்ந்து நமக்குள் இறங்குகிறது. ஆனால் அங்கே கை கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. முன்னால் போகிற குதிரையின் பின்னாலேயே போக வேண்டும், பேசுவதைக் கேட்க வேண்டும். நீங்கள் எவ்வளவு தேறியவராக இருந்தாலும் கேம் உங்களை அதே வேகத்தில்தான் நடத்தும். 2011-இல் வந்த ஸ்கைரிம் கேமும் இப்படித்தான், கையைக் கட்டாத குறை என்றுகூடச் சொல்ல முடியாது, நிஜமாகவே கட்டி வண்டியில் உட்காரவைத்துத்தான் ஆரம்பிக்கும். பொறுக்க முடியாமல் ஆட்டக்காரர்களே வேறு தொடக்கங்களை மோடாக, அதாவது கேமோடு சேர்க்கும் மாற்றமாக, எழுதிப் போட்டுக்கொண்டார்கள்.

தயாரித்தவர்களே இதை ஒப்புக்கொண்டதும் உண்டு. 1998-இல் வந்த ஜெல்டா கேமான ஒக்கரினா ஆஃப் டைமில் ஒரு தண்ணீர்க் கோயில் வரும். நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் போக வேண்டிய புதிர் அது. புதிர் நல்ல புதிர். ஆனால் அடியில் மூழ்க இரும்புச் செருப்பு வேண்டும். அதைப் போடவும் கழற்றவும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நிறுத்தி மெனுவைத் திறக்க வேண்டும். அதை வடிவமைத்த எய்ஜி அவோநுமா பின்னாளில் வருத்தம் தெரிவித்தார். 2011-இல் நிண்டெண்டோ 3டிஎஸ் என்கிற கையடக்கக் கருவிக்கு மறுபடி செய்தபோது, ஒரு தொடுதலில் செருப்பை மாட்டும்படி ஆக்கிவிட்டார்கள். புதிரை எடுக்கவில்லை. செருப்பைத்தான் சரி செய்தார்கள்.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கம். கோயிலில் அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடுவார்கள், ராத்திரி ராத்திரியாக. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழப்போவது குழந்தைக்குக்கூடத் தெரியும். அவர்களின் தாய் தாமரை பிள்ளை வரம் கேட்டுத் தவம் இருக்கிற கட்டம் வந்தால் ஆம்பிளைகள் மெதுவாக எழுந்து பீடி பற்றவைக்கப் போவார்கள். என் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, வெற்றிலைப் பையை அவிழ்ப்பார். பாடுகிறவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் பாடுவார். கூட்டம் கரைகிறது என்றால் தவத்தை நாலு அடியில் முடித்துப் பிள்ளைகளைப் பிறக்கவைத்துவிடுவார்.

ஒரு வருஷம் எங்கள் அத்தை ஒருத்தி முன்னால் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி வெகுநாளாகியும் அவளுக்குக் குழந்தை இல்லை. அன்றைக்குப் பாடகர் சுருக்கவில்லை. தாமரை அழுத அழுகையை விட்டு நகரவே மாட்டேன் என்கிற மாதிரி பாடினார். பின்பாட்டுக்காரர் குரல் கம்மியது. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகப் பார்த்த அப்பிச்சி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பாடகர் நாலு அடியில் முடித்த ராத்திரிகளில் கதைக்குத் துரோகம் செய்தாரா? சொல்லுங்கள். முன்னால் இருப்பது யார், கதையைக் கேட்டவரா கேட்காதவரா, இன்றைக்கு எது வேண்டும் என்று அவருக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. கேமுக்கு அது தெரியாது. நீங்கள் எத்தனையாவது தடவை வந்திருக்கிறீர்கள் என்று அது கேட்பதில்லை. அது கேட்காதபடி கேமைச் செய்தவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஒருமுறை ஓட்டி முடித்த பகுதியை மொத்தமாகத் தாண்ட ஒரு பொத்தான் வைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமா? அவர்கள் வைக்காதபோது நீங்கள்தான் பார்த்துச் சுருக்கிக்கொள்ள வேண்டும். மனசு கேட்கிற ஒரு ராத்திரியில் பனியை முழுசாக ஓட்டுங்கள். கடமைக்கு ஓட்டாதீர்கள், தம்பி. வேலை முடிந்து வந்து உட்கார்கிற நேரம் அது.

பனி முடிந்து, கும்பல் ஹார்ஸ்ஷூ ஓவர்லுக் என்கிற அடுத்த இடத்தில் கூடாரம் போட்டதும் தனியாக ஒரு சேவ் போட்டு, அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் வைத்திருங்கள். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள். வைஸ் சிட்டிக்கு இறக்கிய ஃபைலை இன்றைக்கே அழித்துவிடுங்கள். உங்கள் லேப்டாப்பில் எண் கட்டைகள் தனியாக இல்லை என்றால் ஒரு கீபோர்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில்லாமல் அந்த ஹெலிகாப்டரை ஓட்டுவது வீண் சிரமம். நாலாவது குண்டை வைத்ததும் எனக்கு எழுதுங்கள்.