நிலத்தை விற்று இம்யூனோ ஊசி போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, தினமும் அபிராட்டெரோன் மாத்திரை. ஐந்தே மாதத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் நோயின் அளவைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 140-லிருந்து 6-க்கு வந்துவிட்டது. ‘இம்யூனோதெரபியும் சேர்த்தால் அடியோடு போய்விடும்’ என்கிறார் மாமா. ஒரு ஊசியே லட்சக்கணக்கில் ஆகுமாம். ஐந்து மா நிலம் இருக்கிறது. விற்கலாமா?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: விற்காதீர்கள்.

மாமா சொல்வது ஆதாரமில்லாத பேச்சு அல்ல. உடம்பின் எதிர்ப்பு சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இந்த ஊசிகள், நுரையீரல் புற்றுநோயில் பலருக்கு ஆயுளை நீட்டித்திருக்கின்றன. ஆண் ஹார்மோனைக் குறைத்தால் புராஸ்டேட்டுக்குள் எதிர்ப்பு அணுக்கள் அதிகம் நுழைவதையும் பார்த்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்க்கலாம் என்று எங்களுக்கும் பெரிய நம்பிக்கை இருந்தது. உங்கள் அப்பாவின் கட்டத்தில் இருந்த 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் கீநோட்-991 என்ற ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் ஹார்மோன் சிகிச்சையும், அபிராட்டெரோன் போன்ற என்சாலுடமைடு மாத்திரையும். அதோடு பாதிப்பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி. பலன் கூடவில்லை, கடுமையான பக்க விளைவுகள்தான் கூடின. 2023-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. நூற்றில் மூன்று பேர் அளவில், கட்டியின் அணுக்களுக்கு மரபணுப் பிழையைத் திருத்தும் திறன் இருக்காது. அவர்களில் சிலருக்கு, ஹார்மோன் சிகிச்சை பலன் தராமல் போன பிறகு, இந்த ஊசி நன்றாகவே வேலை செய்கிறது. எம்.எஸ்.ஐ. பரிசோதனையில் இது தெரியும். அப்பாவின் பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த சதைத் துணுக்கு) எந்த லேபில் இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். அதிலேயே பார்த்துவிடலாம்.

இப்போது அப்பாவைக் காப்பது ஹார்மோன் ஊசியும் அபிராட்டெரோன் மாத்திரையும்தான். மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். சாப்பாட்டோடு போட்டால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். கூடவே தரும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் சாப்பிட்ட பிறகு போட வேண்டும். என்னிடம் வரும் ஒரு பெரியவர், ‘ஸ்டீராய்டு உடம்புக்கு ஆகாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு அந்தச் சின்ன மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரம் வந்தபோது கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது, விழுந்த குழி மேலே எழவே இல்லை. ரத்த அழுத்தம் 180. பொட்டாசியம் இறங்கியிருந்தது. அதனால் பி.பி.யும் பொட்டாசியமும் டாக்டர் சொன்ன தேதியில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. எலும்பில் நோய் இருப்பதால், கால் மரத்தாலோ, நடை தளர்ந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, அடுத்த ரிவ்யூ வரை பொறுக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.