நன்றாக ஓடுகிற நாய்க்கு எதற்கு இடுப்பு எக்ஸ்ரே?

கேள்வி: எங்கள் லாப்ரடார் பெண் நாய்க்கு 14 மாதம் ஆகிறது. ஓடுகிறாள், குதிக்கிறாள், ஒரு நாள்கூட நொண்டியதில்லை. அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவை குட்டி போட வைக்கலாம் என்று ஆசை. டாக்டரிடம் சொன்னால், முதலில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்து கிரேடு வாங்குங்கள் என்கிறார். மயக்க மருந்து, ரத்தப் பரிசோதனை, படம், மதிப்பீட்டுக் கட்டணம் என்று அவர் எழுதிக் கொடுத்த கணக்கைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. இது தேவைதானா? மயக்கம் கொடுக்காமல் ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்தால் போதாதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். போதாது. மயக்கம் இல்லாமல் அவசர அவசரமாக எடுக்கிற ஒற்றைப் படத்துக்குக் கொடுக்கிற காசுதான் இந்த விவகாரத்திலேயே சுத்தமாக வீணாகிற காசு. அது பெரும்பாலும் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றுதான் சொல்லும், அதை நம்பி நீங்களும் குட்டி எடுத்துவிடுவீர்கள். ஏன் என்று கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

தேவையா என்றால், குட்டி போட வைக்கப் போகிறீர்கள் என்பதால் தேவை. அந்த ஒரு வரி உங்கள் கடிதத்தில் இல்லாமல், வீட்டுச் செல்லமாக மட்டும் வளர்க்கிறோம் என்று எழுதியிருந்தால், இப்போதைக்குப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், டாக்டர் கையால் இடுப்பைத் தொட்டுப் பார்க்கட்டும், நீங்கள் அவள் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரியில் முடித்திருப்பேன்.

இந்தப் படத்தில் நாங்கள் தேடுவது ஹிப் டிஸ்ப்ளேசியா என்கிற பரம்பரை இடுப்பு மூட்டுக் கோளாறு. அது என்னவென்று தெரிந்தால் கணக்கு எளிதாகப் புரியும். தொடை எலும்பின் பந்து போன்ற உருண்டைத் தலை, இடுப்பு எலும்பில் இருக்கிற கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். ஹிப் டிஸ்ப்ளேசியா உள்ள நாய்க்கு அந்தப் பிடி தளர்வாக இருக்கும். பிறக்கும்போது குட்டியின் மூட்டு நன்றாகவே இருக்கும். அடுத்த சில வாரங்களில், மாதங்களில் தளர்வு வந்து, பந்து ஒவ்வொரு அடிக்கும் கிண்ணத்தின் விளிம்பில் இடித்து இடித்து, கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக வளர்ந்து, கடைசியில் குருத்தெலும்பு தேய்ந்து மூட்டுவாதத்தில் கொண்டுபோய் விடும். நாய்களிடம் இதை முதன்முதலாக 1935-இல் பதிவு செய்தார்கள். ஒரே ஒரு மரபணு செய்கிற வேலையாக இருந்தால் உமிழ்நீர் பரிசோதனையோடு முடிந்திருக்கும். இதில் பல மரபணுக்கள் சேர்ந்திருக்கின்றன, அதன்மேல் தீனி, வளரும் வேகம், காலடியில் இருக்கிற தரை எல்லாம் சேர்கின்றன. அதனால் இன்றைக்கும் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

"நொண்டியதே இல்லை" என்கிறீர்களே, அது நல்ல செய்திதான், ஆனால் சான்றாகாது. இந்த நோய் இரண்டு பருவங்களில் முகம் காட்டும். ஒன்று, ஒரு வயதுக்குள், மூட்டு தளர்ந்து வலிக்கும்போது. முயல் மாதிரி இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தூக்கி ஓடுவது, எழுந்திருக்கத் தயங்குவது எல்லாம் அப்போது தெரியும். இன்னொன்று, வயதான பிறகு தேய்மானம் முற்றும்போது. இடையில் பல வருஷம் தசை வலுவிலேயே நாய் சமாளித்துக்கொண்டு ஓடும், பந்து பொறுக்கும், உங்கள் மேல் பாயும். நீங்கள் குட்டி எடுக்க நினைப்பதும் சரியாக அந்த அமைதியான காலத்தில்தான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். படத்தில் இடுப்பு கண்றாவியாக இருக்கும், நாய் பாட்டுக்குச் சந்தோஷமாகத் திரியும். ஒருமுறை பின்னங்கால் நொண்டுகிற ஒரு நடுவயது நாயை என்னிடம் கூட்டி வந்தார்கள், கையில் பழைய இடுப்புப் படம் ஒன்று, "டிஸ்ப்ளேசியா, ஆபரேஷன்தான் வழி" என்று வேறு யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். இடுப்பு சுமார்தான், பொய்யில்லை. ஆனால் முழங்காலைப் பிடித்து லேசாக முன்னால் தள்ளியதும் கீழ் எலும்பு டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. தசைநார் அறுந்திருக்கிறது! வலி அங்கே. படம் நாய்க்கு வலிக்கிறதா என்பதைச் சொல்லாது, மூட்டு எப்படி அமைந்திருக்கிறது என்பதைத்தான் சொல்லும், குட்டிகளுக்குப் போகப் போகிறதும் அந்த அமைப்புதான்.

சரி, மயக்க மருந்துக்கு வருவோம். வழக்கமான இடுப்புப் படத்துக்கு நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, முழங்கால் சில்லு இரண்டும் நேர் மேலே பார்க்கும்படி கால்களை உள்பக்கம் திருப்பிப் பிடிக்க வேண்டும். விழித்திருக்கிற எந்த நாய் இதற்குச் சம்மதிக்கும்? பயத்தில் தொடைத் தசையை இறுக்கிக்கொள்ளும், அந்த இறுக்கமே தளர்ந்த பந்தைக் கிண்ணத்துக்குள் தள்ளிப் பிடித்துக்கொள்ளும், படத்தில் மூட்டு இருக்கிறதைவிட நன்றாகத் தெரியும். இன்னொன்று, உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தாலே போதும், ஒரு பக்கக் கிண்ணம் ஆழமாகவும் மறுபக்கம் தட்டையாகவும் காட்டும். உங்கள் கையில் யாராவது படம் கொடுத்தால் நீங்களே பார்க்கலாம்: இடுப்பெலும்பின் இரண்டு இறக்கைகளும் ஒரே அகலமா, அடியில் இருக்கிற இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவா என்று. இல்லையென்றால் நாய் சாய்ந்து படுத்திருக்கிறது, அந்தப் படத்தை வைத்து யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது. மயக்கத்தைக் கட்டாயமாக்காத, கிரேடு கொடுக்கிற அமைப்புகளும் உண்டு என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் நான் மயக்கம் இல்லாமல் எடுப்பதில்லை.

மயக்கத்தில் இன்னொரு லாபமும் உண்டு. அப்போதுதான் ஆர்ட்டோலானி சோதனையைச் சரியாகச் செய்ய முடியும். இத்தாலியக் குழந்தை மருத்துவர் ஒருவர் கைக்குழந்தைகளுக்காகக் கண்டுபிடித்தது, நாங்கள் நாய்க்கு எடுத்துக்கொண்டோம். முழங்காலைப் பிடித்து இடுப்பை நோக்கி அழுத்தினால், தளர்ந்த மூட்டில் பந்து கிண்ணத்தை விட்டு மெல்ல வெளியேறும், அப்படியே காலை வெளிப்பக்கம் விரித்தால் "டொக்" என்று திரும்ப உள்ளே விழும். காதில் கேட்பதைவிட உள்ளங்கையில்தான் அது தெரியும். ஒரு தடவை உணர்ந்தால் மறக்காது.

டாக்டரின் பில்லில் எங்கே குறைக்கலாம், எங்கே கூடாது? பெரும்பகுதி மயக்கமும், அந்த நேரத்துக்கு ஆட்களும், படமும்தான், அதில் கை வைக்காதீர்கள். இளம், ஆரோக்கியமான நாய்க்கு ரத்தப் பரிசோதனை எவ்வளவு விரிவாக வேண்டும் என்று கேட்கலாம், தப்பில்லை. அப்புறம், ஒரே மயக்கத்தில் முன்னங்கால் முட்டிகளையும் படம் எடுத்துவிடச் சொல்லுங்கள். லாப்ரடாருக்கு அங்கேயும் பரம்பரைப் பிரச்சினை வரும், தனியாக இன்னொரு நாள் எடுத்தால் மயக்கச் செலவு இரட்டிப்பு. பலர் வெட்டப் பார்ப்பது கிரேடிங் கட்டணத்தை, "டாக்டரே பார்த்துச் சொல்லட்டுமே" என்று. வேண்டாம். தினம் முகம் பார்க்கிற வாடிக்கையாளரிடம் "உங்கள் நாய் ஃபெயில்" என்று சொல்வது எங்களுக்கும் கஷ்டம்தான், மனிதர்கள்தானே. நாயை ஒருபோதும் பார்க்காத ஒருவர் படத்தை மட்டும் பார்த்துச் சொல்கிற தீர்ப்புக்குத்தான் மதிப்பு.

யாரிடம் கிரேடு வாங்குவது என்பது நீங்கள் எங்கே நாயைப் பதிந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாய்களின் மூட்டுப் படங்களை மதிப்பிடுகிற அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ. 1966-இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. மூன்று ரேடியாலஜிஸ்டுகள் தனித்தனியாகப் பார்த்து ஏழு படிகளில் ஒன்றைக் கொடுப்பார்கள், ஆனால் இறுதி கிரேடுக்கு நாய்க்கு 24 மாதம் ஆகியிருக்க வேண்டும், அதற்கு முன் எடுத்தால் தற்காலிகக் கருத்து மட்டும். சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் முறையில் 12 மாதம் போதும், ராட்சத இனங்களுக்கு 18. ஏ என்றால் நல்ல மூட்டு, இ என்றால் மிக மோசம். பிரிட்டிஷ் முறையிலும் 12 மாதம்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை, இரண்டும் சேர்த்து 106, குறைய வாங்கினால் நல்லது.

நான்காவது பென்ஹிப், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. கால்களை நீட்டிப் பிடிக்கும்போது மூட்டைச் சுற்றியுள்ள உறை, ஈரத்துணியைப் பிழிவது மாதிரி முறுக்கிக்கொள்ளும், முறுக்கினால் துணி குறுகுவதுபோல உறையும் குறுகிப் பந்தை உள்ளே இழுத்துவிடும். அதனால் வழக்கமான படத்தில் தளர்வு கொஞ்சம் ஒளிந்துகொள்ளும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையில், நீட்டிய படத்தோடு, பந்தை உள்ளே அழுத்தி ஒரு படம், தொடைகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து வெளியே நெம்பி ஒரு படம் என்று மொத்தம் மூன்று எடுப்பார்கள். பந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அதன் ஆரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். 0 என்றால் அசையவே இல்லை, 0.5 என்றால் தன் ஆரத்தில் பாதி தூரம் விலகியிருக்கிறது. 0.3-க்குக் கீழே இருந்தால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வருவது அரிது. 16 வாரத்திலேயே எடுக்கலாம். பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமே செய்ய முடியும் என்பதால் தேடிப் போக வேண்டியிருக்கும், எடுத்த படங்களை எல்லாம் மதிப்பீட்டுக்கு அனுப்பியே தீர வேண்டும். மற்ற முறைகளில் படம் மோசமாக இருந்தால் அனுப்பாமலே விட்டுவிட முடியும், அதனால் ஏட்டில் இருக்கிற சராசரி நிஜத்தைவிட அழகாகத் தெரியும். உங்கள் ஊர்ப்பக்கம் கிடைத்தால் நான் இதைத்தான் சொல்வேன், கிடைக்காவிட்டால் வழக்கமான படமே போதும், ஒழுங்காக எடுத்தால்.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒன்றைப் பேசிவிடுங்கள்: ரிசல்ட் மோசமாக வந்தால் குட்டி ஆசையை விட்டுவிடுவீர்களா? "பார்க்கலாம்" என்றால் எக்ஸ்ரே எடுக்காதீர்கள், எடுத்து ஒரு பயனும் இல்லை. விடுவோம் என்றால், இந்தத் தொகையை ஒரு நாய்க்கான செலவாகப் பார்க்காதீர்கள். லாப்ரடார் ஒரு ஈற்றில் ஏழெட்டு குட்டி போடும், ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழும். அதில் ஒன்றுக்கு இடுப்பு மாற்று அறுவை தேவைப்பட்டால்கூட, அந்த ஒரு பில்லுக்குப் பக்கத்தில் உங்கள் எக்ஸ்ரே செலவு சில்லறை. ஆண் நாய்க்கும் ரிசல்ட் கேளுங்கள், அதன் அப்பா அம்மா, கூடப் பிறந்தவற்றின் ரிசல்ட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. தான் மட்டும் பாஸாகி அண்ணன் தம்பி எல்லாம் ஃபெயிலான நாயைவிட, குடும்பமே சுமாராகப் பாஸான நாய் எனக்கு மேல். நல்ல கிரேடு வாங்கிய ஜோடிக்கும் கெட்ட இடுப்போடு குட்டி பிறக்கும், பிறக்காது என்று யாராவது உத்தரவாதம் கொடுத்தால் நம்பாதீர்கள்.

குட்டி எடுக்காதவர்களும் இதைப் படிப்பீர்கள், உங்களுக்கு இரண்டு வார்த்தை. பெரிய இனக் குட்டி நாலு மாதத்தில் பின்னங்காலைத் தள்ளாடி வைத்தால், தடுப்பூசிக்குப் போகும்போதே இடுப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பின் வளர்ச்சியைத் திருப்பிவிடுகிற சின்ன அறுவை ஒன்று இருக்கிறது, ஆனால் ஐந்து மாதத்துக்குள் செய்தால்தான் பலன். கிண்ணத்தைத் திருப்பி வைக்கிற அறுவையும் தேய்மானம் தொடங்குவதற்கு முன், சுமார் ஒரு வயதுக்குள்தான். அதற்கப்புறம் தெரிந்துகொண்டால் மாத்திரை, எடை, நடைப்பயிற்சி, கடைசியில் பெரிய அறுவை என்று பாதை குறுகிவிடும். மற்றபடி, ஒல்லியாக வளருங்கள். 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் தள்ளியும் குறைந்தும் வந்தது, ஆயுளின் இடைநிலையும் 11.2-இலிருந்து 13 வருஷமானது. இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், காசும் மிச்சம். வளரும் குட்டிக்குத் தனியாகக் கால்சியம் கொடுக்காதீர்கள், பெரிய இனங்களுக்கு அது கெடுதல்.

உங்கள் நாய்க்கு என் யோசனை: ஓ.எஃப்.ஏ. கிரேடுதான் வேண்டும் என்றால் 24 மாதம் வரை காத்திருங்கள், குட்டிக்கும் அதுதான் சரியான வயது. மற்ற முறை என்றால் இப்போதே எடுக்கலாம். ஆனால் ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வந்திருந்தால், முடிந்து மூன்று நான்கு வாரம் போகட்டும், ஹார்மோன் மாற்றத்தில் மூட்டு கொஞ்சம் தளர்ந்து காட்டக்கூடும். நாள் குறிக்கும் முன் போன் செய்து, மாதத்துக்கு எத்தனை இடுப்புப் படம் எடுக்கிறீர்கள், சரியாக வராவிட்டால் அதே மயக்கத்தில் திரும்ப எடுப்பீர்களா, அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். மைக்ரோசிப் எண்ணைப் படத்திலேயே பதியச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்னால் அது எந்த நாயின் படம் என்று நிரூபிக்க முடியாது. அன்றைக்கு அவர்கள் சொல்கிற நேரத்திலிருந்து தீனி கிடையாது. லாப்ரடார் என்பதால் முந்தின இரவே சமையலறைக் கதவையும் சாத்திவிடுங்கள்.