‘பிரேம் ரோக்’கும் மறுமணமும்: வாசகர் கேள்விகள்

கே: ராஜ் கபூரின் ‘பிரேம் ரோக்’ படத்தை இப்போதுதான் பார்த்தேன். விதவை மறுமணத்தைப் பேசிய படம் என்கிறார்கள். எனக்கு வெறும் காதல் படமாகத்தான் தெரிந்தது.
- திருச்சி வாசகி

ப: முதல் பாதி முழுக்கப் பாட்டும் பூவுமாக இருப்பதால் அப்படித் தோன்றியிருக்கும். நாயகி மனோரமாவின் (பத்மினி கோலாபுரே) கணவன் கல்யாணமான கொஞ்ச நாளிலேயே விபத்தில் இறக்கிறானே, அதற்குப் பிறகு வருவதை இன்னொரு முறை பாருங்கள். ஊரையே ஆளும் தாக்கூர் வீட்டுச் செல்லப் பெண் அவள், புகுந்த வீட்டில் கணவனின் அண்ணனே (ரஸா முராத்) அவளைப் பலாத்காரம் செய்கிறான், பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் அங்கே குடும்ப மானம் என்ற பெயரில் வெள்ளைப் புடவையும் கட்டுப்பாடும் காத்திருக்கின்றன. அம்மாவாக வரும் நந்தாவுக்கு மகள்மீது உயிர், ஆனால் அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. விதவைக்குப் பாதுகாப்பு வீட்டுக்குள்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த சமூகத்திடம், ஆபத்தே அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது என்று 1982இல் ஒரு பெரிய வணிகப் படம் காட்டியது சின்ன விஷயமா? அப்புறம், பலாத்காரத்துக்கு ஆளான பெண்ணைக் கடைசி ரீலுக்குள் சாகடித்துவிடுவது அப்போதெல்லாம் சினிமாவில் சர்வ சாதாரணம். இங்கே மனோரமா சாகவில்லை, அவளைக் காதலிக்கும் தேவ்தரோடு (ரிஷி கபூர்) சேர்கிறாள். கதை எழுதியது காம்னா சந்திரா என்ற பெண் என்பதை நான் முக்கியமாகவே நினைக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. அவளுக்காகச் சண்டை போடுவது, ஊரை எதிர்த்துப் பேசுவது எல்லாம் பெரும்பாலும் தேவ்தர்தான். அவள் வாயால் இன்னும் நிறையக் கேட்டிருக்க வேண்டும்.

கே: பத்மினி கோலாபுரேவுக்கு அப்போது என்ன வயது?
- மதுரை வாசகர்

ப: படம் வந்தபோது 17கூட ஆகவில்லை. அந்த வயதில் இவ்வளவு கனமான வேடத்தைச் சுமந்து ஃபிலிம்ஃபேர் சிறந்த நடிகை விருதும் வாங்கினார். ராஜ் கபூருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது.

கே: ‘ஷோலே’யிலும் விதவை மறுமணம் வருகிறதே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?
- சேலம் வாசகர்

ப: வருகிறது, நடப்பதில்லை. ராதாவுக்கு (ஜெயா பாதுரி) மறுமணம் செய்துவைக்க மாமனார் தாக்கூரே அவள் அப்பாவிடம் போய்ப் பேசுகிறார். 1975இல் ஒரு மாமனாரை அப்படிக் காட்டியது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அவளை விரும்பும் ஜெய் (அமிதாப் பச்சன்) சாகிறான், அவள் மறுபடி தனியாகிறாள். கல்யாணம் வரை போகும் துணிச்சல் அந்தக் கதைக்கு இல்லை.

கே: என் தங்கையின் கணவர் இறந்துவிட்டார். மறுமணம் செய்தால் அவர் சொத்தில் பங்கு கிடையாது என்று புகுந்த வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?
- பெயர் வேண்டாம், தஞ்சாவூர்

ப: ஒரு காலத்தில் உண்மை. ஈஸ்வர் சந்திர வித்யாசாகர் போராடி 1856இல் மறுமணச் சட்டம் வந்தது, ஆனால் அதன் 2ஆம் பிரிவே மறுமணம் செய்பவளின் முதல் கணவர் வழிச் சொத்தைப் பறித்து அடுத்த வாரிசுக்குக் கொடுத்தது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை வேறு. கணவர் இறந்ததும் மனைவிக்கு வரும் பங்கு அவளுடைய முழுச் சொத்து, பிறகு அவள் மறுமணம் செய்தாலும் திருப்பிக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றமும் 2008இல் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். விடுதலைப் பத்திரம் (சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம்) என்று யாராவது கொண்டுவந்து நீட்டினால், வக்கீலிடம் காட்டாமல் உங்கள் தங்கை கையெழுத்துப் போடவே கூடாது.