பழைய தேக்கை அறுக்க எந்தப் பேண்ட்சா?

கேள்வி: பர்மாவின் பெகுவில் வீட்டுக்குப் பின்புறம் பத்துக்குப் பதினான்கு அடியில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். பிரித்த பழைய வீடுகளின் தேக்கு உத்தரங்களை வாங்கி, மெல்லிய பலகைகளாக அறுத்துச் சாமி அலமாரிகளும் பெட்டிகளும் செய்கிறேன். உத்தரங்கள் 5 முதல் 7 அங்குலம் வரை அகலம் இருக்கும். ரங்கூன் கடையில் பேண்ட்சா எனும் பட்டை ரம்ப இயந்திரத்தில் 10 அங்குலத்தையும் 14 அங்குலத்தையும் காட்டினார்கள். சின்னதிலும் 6 அங்குலம் அறுக்கலாம் என்கிறார்கள், விலையும் பாதிதான். மின்சாரம் அடிக்கடி நிற்பதால் பல நாள் ஜெனரேட்டரில்தான் வேலை. எதை வாங்கலாம்?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் வேலைக்கு 14 அங்குல இயந்திரமே பொருந்தும். கடைக்காரர் சொன்ன 6 அங்குலம் என்பது மேசைக்கும் மேலே உள்ள பிளேடு தாங்கிக்கும் இடையே மரம் நுழையும் உயரம் மட்டுமே. நுழைகிற மரத்தை நேராக அறுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை இயந்திரச் சட்டத்தின் விறைப்பில்தான் இருக்கிறது.

10, 14 என்ற எண்கள் பிளேடு ஓடும் சக்கரத்தின் விட்டத்தைக் குறிப்பவை. அகலமான மரத்தைப் பலகையாகக் கீறும்போது பிளேடு மரத்துக்குள் வளையாமல் இருக்க வேண்டுமானால், குறைந்தது அரை அங்குல அகலமுள்ள பிளேடை நன்றாக இழுத்துப் பூட்ட வேண்டும். அந்த இழுவிசையைச் சின்ன இயந்திரத்தின் சட்டம் தாங்காமல் சற்றே வளைந்து கொடுப்பதால், பிளேடு தளர்ந்து மரத்தின் நடுவில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. பலகை ஓரங்களில் சரியாகவும் நடுவில் வயிறு தள்ளியும் வந்து, அதை இழைத்துச் சமன் செய்வதிலேயே நல்ல தேக்கின் பாதி சீவலாகப் போய்விடுகிறது. இந்தக் குறையை வேகமான மோட்டாரோ விலை உயர்ந்த பிளேடோ சரி செய்யாது.

14 அங்குலத்திலும் இரண்டு வகை உண்டு. வார்ப்பிரும்புச் சட்டம் கொண்ட பழைய அமைப்பில் பெரும்பாலும் 6 அங்குல உயரம்தான் கிடைக்கும். நடுவில் ஓர் உயர்த்தும் கட்டையைச் சேர்த்தால் 12 அங்குலம் வரை போகலாம், ஆனால் அப்போது நீளமான பிளேடு வாங்க வேண்டியிருக்கும். எஃகுத் தகட்டை மடித்துப் பற்றவைத்த சட்டமுள்ள வகையில் 10 அங்குலமோ அதற்கு மேலோ இயல்பாகவே இருக்கும். உங்களிடம் 7 அங்குல உத்தரமும் வருவதால் இந்த இரண்டாவது வகையை, ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாருடன் தேடுங்கள்.

ஜெனரேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவ்வகை மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே ஒன்றரைக் குதிரைத்திறனுக்கு 5 கேவிஏ ஜெனரேட்டர் இருந்தால் கவலையில்லை. அரசு மின்சாரத்திலும் மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180க்கு இறங்கினால் மோட்டாரின் முறுக்குவிசை ஏறக்குறைய அறுபது சதவீதமாகக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட வேளையில் மரத்தை அழுத்தித் தள்ளினால் மோட்டாரின் சுருள் கருகிப் போகக்கூடும்.

பிளேடைப் பொறுத்தவரை, அங்குலத்துக்கு மூன்று பல் உள்ளதாக வாங்குங்கள். பல் நெருக்கமாக இருந்தால் தூள் வெளியேற இடமின்றி அடைத்துக்கொண்டு, பிளேடு சூடேறி விலகும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் சாதாரண கார்பன் எஃகுப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். புதுத் தேக்கை மட்டும் அறுப்பவருக்கு நான் மிகக் கடினமான கார்பைடு பல்லைத்தான் சொல்வேன். ஆனால் உங்கள் உத்தரங்களில் தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணிகள் இருக்கும், ஓர் ஆணியில் பட்டாலே அத்தனை விலை கொடுத்த கார்பைடு பற்கள் உடைந்துவிடும். அதனால் உங்களுக்கு இரு உலோகங்களை இணைத்துச் செய்த பைமெட்டல் பிளேடே ஏற்றது. ஒவ்வொரு உத்தரத்தையும் உலோகம் காட்டும் கருவியால் நான்கு பக்கமும் தடவிப் பார்த்த பிறகே இயந்திரத்தில் ஏற்றுங்கள்.

இந்தச் செலவுக்குப் பலன் உண்டு. பேண்ட்சாவின் வெட்டுவழி, அதாவது அறுக்கும்போது தூளாகும் கனம், ஒன்றேகால் மில்லிமீட்டருக்குள் அடங்கும், வட்ட ரம்பம் மூன்று மில்லிமீட்டரைத் தின்றுவிடும். 75 மில்லிமீட்டர் கனமுள்ள உத்தரத்தை 8 மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்தால் வட்ட ரம்பத்தில் ஏழும் பேண்ட்சாவில் எட்டும் கிடைக்கும். அறுத்த பலகைகளை உடனே அலமாரியில் பூட்டாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிச் சில வாரம் நிழலில் ஆறவிடுங்கள். பல காலம் காய்ந்த மரமானாலும் உள்பகுதி வெளிக்காற்றைக் கண்டதும் சற்று வளையும். தேக்குத் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சுக்குழாயிலும் ஒவ்வாமை உண்டாக்குவதால், அவ்வளவு சிறிய அறையில் முகமூடியும் தூள் உறிஞ்சியும் இல்லாமல் வேலை செய்யாதீர்கள்.

மாதத்துக்கு ஓரிரு உத்தரம்தான் அறுக்கிறீர்கள் என்றால் இயந்திரமே வேண்டாம். அறுவை மில்லில் கூலி கொடுத்து அறுத்துக்கொள்வது மலிவு. வாரந்தோறும் வேலை இருக்கிறதென்றால் மட்டும் பணத்தைப் போடுங்கள். வாங்கப் போகும்போது உங்கள் தேக்குத் துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அரை அங்குலப் பிளேடைப் பூட்டச் சொல்லி, கண்ணெதிரே 6 அங்குலம் அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். வந்த பலகையின் கனத்தை மேலும் நடுவிலும் கீழும் அளந்து பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்து, பிளேடை இன்னும் இறுக்கியும் அது குறையாவிட்டால் அந்த இயந்திரத்தை வாங்காதீர்கள்.