சட்டம் இருக்கும்போது அரசியலமைப்பிலும் எதற்கு?

கேள்வி: குழந்தைகளுக்கென்று சட்டங்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே, அவர்கள் உரிமையை நாட்டின் அரசியலமைப்பில் வேறு எழுதி வைத்தால் என்ன வந்துவிடப் போகிறது?

பதில்: நியாயமான கேள்விதான். சாதாரணச் சட்டத்தை அடுத்து வரும் அரசு சுலபமாக மாற்றிவிடலாம், அரசியலமைப்பில் கை வைப்பது அவ்வளவு லேசில்லை. அதைவிட முக்கியம், குழந்தைக்கு ஓட்டு கிடையாது, தேர்தலைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது, கடைசியில் நீதிமன்றம்தான் கதி.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே 1996 அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, குழந்தை சம்பந்தப்பட்ட எந்த விஷயத்திலும் அதன் நலனே தலையாயது என்கிறது. மோசடி வழக்கில் சிறைத்தண்டனை பெற்ற ஒரு தாய், மூன்று பையன்களைத் தனியாக வளர்த்தவர், மேல்முறையீடு செய்தார். பிள்ளைகளின் கதி என்ன என்று கீழ்க்கோர்ட்டில் சரியாக யோசிக்கவில்லை என்று 2007இல் சொன்ன அரசியலமைப்பு நீதிமன்றம், மிச்சச் சிறைவாசத்தை நிறுத்திவைத்து, அவரை வெளியிலேயே கண்காணிப்பில் வைக்க உத்தரவிட்டது. தப்பு செய்தவருக்குச் சலுகையா என்று சிலர் முறைக்கலாம். சலுகை அந்தப் பையன்களுக்கு, அவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லையே!

அயர்லாந்தில் குழந்தை உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்துக்கு 2012இல் மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் கிடைத்தும், வழக்கில் இழுபட்டு 2015இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. நார்வேயும் 2014இல் தன் அரசியலமைப்பில் சேர்த்தது.

அதற்காக, எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பணமும் ஒதுக்காமல், குழந்தைக்காக யார் வழக்குப் போடலாம் என்றும் சொல்லாமல் விட்டால், அது வெறும் அலங்காரம்தான்.