கை கட்டினால் திமிரா?

கேள்வி: என் மகன் ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனான். வேலை கிடைக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததுதான் காரணம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களாம். கை கட்டுவது அவ்வளவு பெரிய குற்றமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: எட்டு வயதில் கை கட்டாமல் நின்றதற்கு வாத்தியாரிடம் அடி வாங்கியவன் நான். இருபத்திரண்டு வயதில் கை கட்டினால் வேலை கிடையாதாம். பிள்ளைகள் என்னதான் செய்வார்கள், சொல்லுங்கள்!

கை கட்டினால் மனதை மூடிக்கொள்கிறான் என்பது மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்லிக்கொடுத்த பாடம். நம் ஊரில் அது பணிவு. பார்வையும் அப்படித்தான். கண்ணைப் பார்த்துப் பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்பார்கள் அவர்கள். என் தாத்தா முன்னால் கண்ணைப் பார்த்துப் பேசினால் "என்னடா முறைக்கிறே?" என்பார். போதாக்குறைக்கு, அந்த ஆபீஸ்களில் போடும் ஏசிக்கு நானாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

வங்கியில் எனக்குப் பல வருடம் நகைக் கடன் கவுன்ட்டர். வளையலைக் கழற்றிக் கொடுத்த பெண்கள், மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து முடிக்கும்வரை, வெறும் மணிக்கட்டை மறு கையால் பொத்திக்கொண்டு நிற்பார்கள். ஜூன் மாதத்தில், ஸ்கூல் ஃபீஸ் சமயத்தில், வரிசை முழுக்க அப்படித்தான். ஒரே ஒரு அம்மா மட்டும் கையை இறுக்கிக் கட்டி, விறைப்பாக, எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நின்றார். கொஞ்சம் திமிர் பிடித்தவர் என்றே நினைத்தேன். கையெழுத்துப் போடும் நேரம் வந்தது. கட்டை அவிழ்த்துப் பேனாவை வாங்கினார். படிவத்தில் முள் நிற்கவில்லை, அப்படி ஒரு நடுக்கம். அதை மறைக்கத்தான் அவ்வளவு நேரமும் கட்டியிருந்திருக்கிறார்.

சரி, மகன் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த முறை கையை மடியில் வைத்துக்கொள்ளட்டும். எதிரே இருப்பவரும் அதே புத்தகத்தைப் படித்தவராக இருந்து தொலைக்கலாம். ஏன் எடுக்கவில்லை என்று அந்தக் கம்பெனிக்கே ஒரு மெயில் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். பயிற்சி வகுப்பு அந்த அறைக்குள் இருக்கவில்லை.

கேள்வி: நாம் சொல்வதில் 93 சதவீதம் குரலும் உடம்பும்தான், வார்த்தை வெறும் 7 என்கிறார்களே, நிஜமா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: நிஜமானால் சப்டைட்டில் இல்லாமலே கொரியன் சீரியல் பார்த்துவிடலாமே! 1967-இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த சோதனைகளிலிருந்து வந்த கணக்கு அது. ஒற்றைச் சொல்லைப் பல தொனியில் சொல்ல வைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசுகிறவருக்குப் பிரியமா வெறுப்பா என்று கேட்டார்கள். அதை எல்லாப் பேச்சுக்கும் நீட்டக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வள்ளுவர் இதில் உஷார். சதவீதம் எதுவும் போடாமல், 'குறிப்பறிதல்' என்று ஒரே பெயரில் அரசவைக்கு ஓர் அதிகாரம், காதலுக்கு ஓர் அதிகாரம் எழுதிவிட்டுப் போனார்.

கேள்வி: ரிட்டயர் ஆனதிலிருந்து என் கணவர் முகத்தில் சிரிப்பே இல்லை. நடக்கும்போதுகூட வலது கையை வீசாமல் விறைப்பாக வைத்துக்கொள்கிறார். என் மேல் ஏதாவது கோபமோ?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: அம்மா, கோபம் என்று முடிவு கட்டாதீர்கள். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவர் இப்படித்தான் ஆனார். ஜோக் சொன்னால் முகம் அசையாது. தலைக்கனம் வந்துவிட்டது என்று நாங்கள் நாலு பேரும் அவரிடம் பேச்சைக் குறைத்தோம். நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவருக்குப் பார்க்கின்சன் நோய் ஆரம்பித்திருந்தது. முகத் தசை இறுகுவதால் சிரிப்பு வெளியே வராது. ஒரு பக்கக் கைவீச்சு முதலில் குறைவதும் உண்டு.

உங்கள் வீட்டுக்காரருக்கும் அதுதான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. தோள்பட்டை இறுக்கமாக இருக்கலாம், மனச்சோர்வாக இருக்கலாம். அவரிடமே கேளுங்கள். அப்புறம் ஒரு நரம்பியல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சிலும் அந்தப் பிரிவு உண்டு. போகும்போது அவர் பழைய கையெழுத்து ஒன்றையும், இப்போது போடச் சொல்லி ஒன்றையும் எடுத்துப் போங்கள். இந்த நோயில் எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். என் நண்பர் விஷயத்தில் அதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் யாரும் இல்லை. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று அவர் செக்கைத் திருப்பி அனுப்பிய கவுன்ட்டர் பெண்.